கோமகன் ரொபர்ட் கிஸ்கார்டும் அவர் குடும்பமும்

பிரான்ஸின் வடகரையில் கடலை நோக்கி நீண்டு கிடக்கும் கொத்தந்தான் தீபகற்பத்தில் ஓத்வீல் என்றொரு சிற்றூர் உண்டு. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூரின் நிலக்கிழாராக இருந்தவர் தங்கிரெட். நோர்மண்டியின் பெரிய பிரபுக்களின் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அல்லர். அவருடைய வயல்களைவிட வீட்டிலிருந்த பிள்ளைகளே அதிகம் என்று சொல்லிவிடலாம். முதல் மனைவிக்கு ஐந்து ஆண்மக்கள். அவர் இறந்த பின் மணந்த பிரெசெந்தா என்பவருக்கு ஏழு ஆண்மக்கள். இந்தப் பன்னிரண்டு பேரில் ஆறாமவர், அதாவது பிரெசெந்தாவின் தலைப்பிள்ளை, ரொபர்ட். 1015 ஆம் ஆண்டளவில் பிறந்தார்.

பிரெசெந்தாவைப் பற்றி நமக்குக் கிடைப்பது மிகச் சிறிய செய்திதான். ஆனால் அது மறக்கக்கூடிய செய்தியன்று. மூத்தாளின் பிள்ளைகளுக்கும் தன் வயிற்றுப் பிள்ளைகளுக்கும் வேற்றுமை தெரியாதபடி அவர் வளர்த்தார் என்று அக்குடும்பத்தின் வரலாற்றை எழுதிய மலத்தெரா என்ற துறவி குறித்து வைத்திருக்கிறார். அந்த வளர்ப்பின் பயன் பின்னாளில் தெரிந்தது. ஓத்வீல் சகோதரர்கள் தமக்குள் அடித்துக்கொண்டார்கள், ஒருவரையொருவர் ஏமாற்றினார்கள், முற்றுகையும் இட்டார்கள். ஆயினும் வெளியார் எதிரே வந்து நின்றால் ஒன்று சேர்ந்துவிடுவார்கள்.

தங்கிரெட்டின் நிலத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் எவருக்கும் ஒரு குதிரையைக் கட்டித் தீனி போடவும் போதாது. ஆகவே மூத்தவர்கள் வாளை எடுத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டார்கள். தென்னித்தாலி அக்காலத்தில் ஒருவர் கையில் இருக்கவில்லை. சலேர்னோ, கப்புவா முதலிய நகரங்களை லொம்பார்டு இளவரசர்கள் ஆண்டனர். அப்புலியாவும் கலாப்ரியாவும் பைசாந்தியப் பேரரசுக்குரியவை. நீரிணைக்கு அப்பால் சிசிலித் தீவு முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. எல்லாரும் எல்லாரோடும் சண்டையிட்ட அந்த நாட்டில் கூலிக்குப் போர் செய்ய வந்த நோர்மானியருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. கூலிக்கு வந்தவர்கள் சில ஆண்டுகளில் கூலி கொடுத்தவர்களின் நிலத்தையே பிடித்துக்கொண்டார்கள். மூத்த சகோதரர் வில்லியம் 1042 இல் அப்புலியா நோர்மானியரின் தலைவரானார். அவருக்குப் பின் துரோகோ, துரோகோவுக்குப் பின் ஹம்ப்ரி என்று அத்தலைமை வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்தது.

ரொபர்ட் இத்தாலிக்கு வந்தது 1047 ஆம் ஆண்டளவில். ஐந்து குதிரை வீரரும் முப்பது காலாட்களும் மட்டுமே உடன் வந்தனர் என்று ஒரு குறிப்பு உண்டு. அண்ணன் துரோகோ தம்பிக்கு எதையும் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. கலாப்ரியாவின் கிராத்தி ஆற்றுப் பள்ளத்தாக்கில், காய்ச்சல் பிடித்த சதுப்பு நிலத்தின் ஓரத்தில், ஸ்கிரிப்லா என்ற மரக்கோட்டை ஒன்றைக் காட்டி அதிலிருந்து பிழைத்துக்கொள் என்றார். ரொபர்ட் பிழைத்துக்கொண்டார். எப்படி என்றால், அயலூர் மாடுகளைக் கவர்ந்தும், வழிப்போக்கரைப் பிடித்து மீட்புப் பணம் பெற்றும்தான். பிசிஞ்ஞானோ நகரின் செல்வர் பீட்டர் என்பவரைச் சமாதானம் பேச அழைத்து, இருவரும் ஆயுதமின்றி நேருக்கு நேர் நின்ற வேளையில் இடுப்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பெருந்தொகை கைக்கு வந்த பின்னரே அம்மனிதர் வீடு திரும்பினார். வருங்காலக் கோமகனின் தொடக்க வாழ்வு கொள்ளைக்காரனுடையது என்பதை அவரைப் புகழ்ந்து எழுதியவர்களே மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

இக்காலத்தில்தான் புவொனால்பெர்கோவின் பிரபு ஜிரார்ட் அவரைத் தேடி வந்தார். கிஸ்கார்ட், அதாவது தந்திரக்காரன், என்று முதலில் அழைத்தவர் அவரே. தன் அத்தை அல்பெராதாவை மணந்துகொண்டால் இருநூறு குதிரை வீரருடன் கலாப்ரியாவைப் பிடித்துத் தர உதவுவதாக அவர் சொன்னார். அண்ணன் துரோகோ முதலில் மறுத்து, பின்பு இணங்கினார். திருமணம் நடந்தது. அந்த இருநூறு வீரர்கள் வந்த நாள் முதல் ரொபர்ட்டின் கை ஓங்கத் தொடங்கியது. அல்பெராதாவுக்கு ஒரு மகனும் எம்மா என்ற மகளும் பிறந்தனர். மகனுக்குத் திருமுழுக்குப் பெயர் மார்க். ஆனால் பிள்ளையின் உடற்பருமனைக் கண்ட தந்தை, கதைகளில் வரும் ஓர் அரக்கனின் பெயரைச் சொல்லி பொஹிமொண்ட் என்று கூப்பிட, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

1053 ஜூன் 18 அன்று சிவித்தாத்தே என்னுமிடத்தில் நோர்மானியர் பாப்பரசர் ஒன்பதாம் லியோவின் படையையே முறியடித்து, அவரையும் சிறைப்படுத்தினர். அப்போரில் இடப்பக்கப் படையை நடத்தியவர் ரொபர்ட். 1057 இல் அண்ணன் ஹம்ப்ரி இறந்தபோது தன் சிறு மகன் அபெலார்டைத் தம்பியின் பொறுப்பில் விட்டுச் சென்றார். அந்தப் பொறுப்பை ரொபர்ட் காத்த விதம் அவர் வாழ்வின் கறைகளில் ஒன்று. அனாதைப் பிள்ளையின் நிலத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். அநாதைகளின் சொத்தை உண்பவர் தம் வயிற்றில் நெருப்பையே உண்கின்றனர் என்ற எச்சரிக்கையைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்த இடத்தை எளிதாகத் தாண்டிச் செல்ல முடிவதில்லை. அபெலார்டும் அதை மறக்கவில்லை. வளர்ந்த பின் சிற்றப்பனுக்கெதிராக மீண்டும் மீண்டும் கலகம் செய்தார். ஒவ்வொரு முறையும் தோற்று, ஈற்றில் கொன்ஸ்தாந்திநோப்பிளில் நாடிழந்தவராக இறந்தார்.

மறு ஆண்டு, 1058 இல், ரொபர்ட் அல்பெராதாவை விலக்கினார். காரணம் இருவருக்கும் இரத்த உறவு இருப்பது தெரியவந்ததாம். அத்தனை ஆண்டுகள் தெரியாத உறவு, சலேர்னோ இளவரசரின் தங்கையை மணக்கும் வாய்ப்பு வந்தபோது தெரிந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத் திருச்சபைச் சட்டத்தில் நாம் அறிந்த பொருளில் விவாகரத்து இல்லை. பிரிய வேண்டுமானால், அத்திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாதது என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது மனைவி மட்டுமல்ல, பிறந்த பிள்ளையின் நிலையும் ஐயத்துக்குள்ளாகிவிடுகிறது. தலாக் நிகழ்ந்தாலும் தந்தையிடத்தில் பிள்ளையின் வாரிசுரிமை குறைவதில்லை என்பதை அறிந்தவர்களுக்கு இதன் கடுமை விளங்கும். நான்கு வயதையொத்த பொஹிமொண்ட் ஒரே நாளில் தலைமகன் என்ற தகுதியை இழந்தார். அதன் விளைவை மூன்று தலைமுறைகள் அனுபவித்தன.

புதிய மனைவி சிக்கெல்கைத்தா. சலேர்னோவின் இளவரசர் நான்காம் குவைமாரின் மகள், அப்போது ஆண்ட கிசுல்ஃபின் தங்கை. மாடு பிடித்துத் திரிந்த ஒரு நோர்மானியருக்குப் பழைய லொம்பார்டு அரச குடும்பத்தின் பெண் மனைவியாக வந்தது சாதாரண செய்தியன்று. சலேர்னோவின் மக்களும் அப்புலியாவின் லொம்பார்டுகளும் அவரை அந்நியக் கொள்ளையன் என்று மட்டும் பார்க்க இனி முடியாது. சிக்கெல்கைத்தாவும் அரண்மனைக்குள் அடங்கியிருந்த மனைவி அல்லர். கணவரின் சாசனங்களில் அவர் பெயரும் சேர்ந்து வருகிறது. போர்களுக்கும் உடன் சென்றார்.

1059 ஓகஸ்டில் மெல்ஃபி நகரில் கூடிய சபையில் பாப்பரசர் இரண்டாம் நிக்கலஸ் ரொபர்ட்டை அப்புலியாவினதும் கலாப்ரியாவினதும் கோமகனாக ஏற்றார். அத்தோடு, இனி வரவிருக்கும் சிசிலியின் கோமகன் என்றும் ஒரு பட்டம் சேர்ந்தது. தன்னிடம் இல்லாத தீவைப் பாப்பரசர் கொடுத்தார். தன் காலடி படாத தீவை ரொபர்ட் பெற்றுக்கொண்டார்.

சிசிலியில் முஸ்லிம் படைகள் முதலில் இறங்கியது 827 இல். பலெர்மோ 831 இல் கைப்பற்றப்பட்டது. அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அத்தீவு தோடையும் கரும்பும் பட்டும் விளையும் நாடாயிருந்தது. 973 ஆம் ஆண்டளவில் அங்கு சென்ற பயணி இப்னு ஹவ்கல், பலெர்மோவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார். ஆனால் கல்பி அமீர்களின் ஆட்சி பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குலைந்து, தீவு சிறு தலைவர்களுக்கிடையே சிதறிப் போயிற்று. அவர்களில் கத்தானியா, சிரக்கூசா பகுதிகளை ஆண்டவர் இப்னு அஸ்ஸும்னா. தீவின் நடுவே மலைக்கோட்டையில் இருந்தவர் இப்னுல் ஹவ்வாஸ். பின்னவரின் சகோதரி மெய்மூனாவே முன்னவரின் மனைவி.

நோர்மானியர் சிசிலிக்குள் நுழைந்த கதையை ஐரோப்பிய நூல்கள் வாளிலிருந்து தொடங்குகின்றன. அரபு வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் ஒரு வீட்டுக்குள்ளிருந்து தொடங்குகிறார். ஓர் இரவு மது மயக்கத்தில் மனைவியோடு சச்சரவிட்ட இப்னு அஸ்ஸும்னா, அவருடைய இரு கைகளின் நரம்புகளையும் வெட்டும்படி கட்டளையிட்டாராம். மகன் இப்ராஹீம் ஓடோடி வந்து மருத்துவர்களை அழைத்துத் தாயைக் காப்பாற்றினார். விடிந்ததும் கணவர் வருந்தி மன்னிப்புக் கேட்டார். மெய்மூனாவும் மன்னித்தவர் போலக் காட்டிக்கொண்டார். சில காலம் கழித்துச் சகோதரனைப் பார்த்துவர அனுமதி கேட்டுப் போனார். போனவர் நடந்ததைச் சொன்னார். அவரை இனித் திருப்பி அனுப்புவதில்லை என்று இப்னுல் ஹவ்வாஸ் சத்தியம் செய்தார். இருவருக்கும் போர் மூண்டது. தோற்றுப்போன இப்னு அஸ்ஸும்னா 1061 இல் நீரிணையைக் கடந்து வந்து, ரொபர்ட்டின் கடைசித் தம்பி ரோஜரிடம், சிசிலியைப் பிடித்துத் தருகிறேன் என்று கைநீட்டினார். அடுத்த ஆண்டே அவர் கொலையுண்டார். அவர் திறந்துவிட்ட கதவு மட்டும் மூடவில்லை. ஒரு தீவின் வீழ்ச்சிக்கு ஒரேயொரு காரணம் போதாதுதான். தலைவர்கள் பிரிந்து கிடந்ததே அடிப்படை. ஆனால் குடித்துவிட்டு மனைவியின் மீது கையோங்கிய ஓர் இரவையும் அக்காரணங்களில் ஒன்றாக அந்த வரலாற்றாசிரியர் எழுதிவைத்ததை நாம் கவனிக்காமல் விடக்கூடாது.

1061 மே மாதத்தில் மெஸ்ஸினா வீழ்ந்தது. அதன்பின் வேலை மெதுவாகவே நடந்தது. சகோதரர்களே இடையில் சண்டையிட்டுக்கொண்டார்கள். கலாப்ரியாவில் பாதி தருவதாக ரொபர்ட் தம்பிக்கு வாக்களித்திருந்தார். கொடுக்கவில்லை. ரோஜர் அப்போதுதான் நோர்மண்டியிலிருந்து வந்த ஜூடித் என்ற பெண்ணை மணந்திருந்தார். மனைவிக்குக் கொடுக்க வேண்டிய மணக்கொடைக்கும் நிலமில்லாமல் நின்றார். பேச்சு முற்றிப் போராயிற்று. அந்தப் போரின் நடுவே ஜெராச்சே என்ற ஊருக்குள் ரொபர்ட் தலையை மூடிக்கொண்டு இரகசியமாக ஒரு நண்பர் வீட்டுக்கு உணவருந்தச் சென்றார். ஊரார் கண்டுபிடித்துவிட்டனர். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். கோமகன் கூட்டத்தின் கையில் சிக்கினார். செய்தி கேட்டு விரைந்து வந்த ரோஜர் ஊர் வாயிலில் நின்று, அவர் என் பகைவர், அவரைத் தண்டிக்கும் உரிமை எனக்கே உண்டு, ஒப்படையுங்கள் என்று கேட்டுப் பெற்றுக்கொண்டார். வெளியே வந்ததும் இருவரும் கட்டித் தழுவி அழுதார்கள் என்பது கதை. பிரெசெந்தாவின் மூத்த பிள்ளையும் கடைசிப் பிள்ளையும். பாதிக் கலாப்ரியாவை ரோஜர் பெற்றுக்கொண்டார். அந்தக் குளிர்காலத்தில் சிசிலியின் திரொயினாக் கோட்டையில் முற்றுகைப்பட்டுக் கிடந்தபோது ரோஜரும் ஜூடித்தும் இருந்த ஒரே மேலாடையை மாறி மாறிப் போர்த்திக்கொண்டார்கள் என்றும் எழுதப்பட்டிருக்கிறது.

ரொபர்ட் இதற்கிடையில் பாரி நகரை 1068 ஓகஸ்டு முதல் முற்றுகையிட்டிருந்தார். 1071 ஏப்ரல் 16 இல் அது பணிந்தது. இத்தாலியில் பைசாந்தியத்தின் ஆட்சி அன்றோடு முடிந்தது. அதே ஆண்டில், பாரியில் கிடைத்த கப்பல்களையும் கொண்டு பலெர்மோவைக் கடலாலும் தரையாலும் சூழ்ந்துகொண்டார். நகரம் ஏறக்குறைய ஐந்து மாதங்கள் தாக்குப்பிடித்தது. உணவு தீர்ந்தது. வட ஆபிரிக்காவிலிருந்து உதவிக்கு வந்த கப்பல்களும் பயனளிக்கவில்லை. 1072 ஜனவரியில் நகரின் பெரியவர்கள் வந்து பேசினார்கள். தம் மார்க்கத்தைப் பின்பற்றவும் தம் சட்டப்படி வாழவும் முஸ்லிம்களுக்குத் தடையிருக்காது, அவர்கள் வரி செலுத்துவார்கள் என்பது உடன்பாடு. ஜனவரி 10 இல் கோமகன் நகருக்குள் நுழைந்தார். பெரிய ஜும்ஆப் பள்ளிவாசல் தேவாலயமாக்கப்பட்டது. முன்பு தேவாலயமாக இருந்த இடம் அது. முஸ்லிம் ஆட்சியில் சிறிய ஆலயமொன்றில் வழிபாடு நடத்திவந்த கிரேக்கப் பேராயரை அழைத்து வந்து அங்கே நிறுத்தினார்கள். ஏனைய பள்ளிவாசல்களில் பாங்கொலி தொடர்ந்தது.

இந்த உடன்பாட்டை எடைபோடுவது எளிதன்று. பட்டினியால் மடிந்த நகரத்திடம் பெற்ற உடன்பாடு அது. அதில் கருணையைவிடக் கணக்கே அதிகம். சில நூறு குதிரை வீரரை வைத்துக்கொண்டு பல்லாயிரம் முஸ்லிம்கள் வாழும் நகரை வேறெப்படி ஆள்வது? ஆனால் கொடுத்த சொல்லை அவர் காலத்தில் மீறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பலெர்மோவையும் மெஸ்ஸினாவின் ஒரு பகுதியையும் தனக்கு வைத்துக்கொண்டு, தீவின் பெரும்பகுதியைத் தம்பி ரோஜரிடம் விட்டுவிட்டு அவர் கரை திரும்பினார். அதன்பின் சிசிலிக்கு அவர் கொடுத்த கவனம் குறைவு.

1073 இல் திரானி நகரில் ரொபர்ட் கடுமையாக நோயுற்றார். இறந்துவிட்டார் என்ற வதந்தியும் பரவியது. சிக்கெல்கைத்தா சற்றும் தாமதிக்கவில்லை. பிரபுக்களைக் கூட்டி, தன் மகன் ரோஜரை அடுத்த கோமகனாக ஏற்கச் செய்தார். அண்ணன் மகன் அபெலார்ட் ஒருவர் மட்டும் மறுத்தார். பாப்பரசர் ஏழாம் கிரகரி விதவைக்கு ஆறுதல் கடிதமே அனுப்பிவிட்டார். ஆனால் கோமகன் எழுந்து உட்கார்ந்தார். மனைவி செய்த ஏற்பாட்டை மட்டும் மாற்றவில்லை. இருபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த பொஹிமொண்ட் அக்கூட்டத்தில் எண்ணப்படவேயில்லை.

சிக்கெல்கைத்தாவுக்கும் சோதனை வராமலில்லை. 1076 இல் கணவர் முற்றுகையிட்டது அவருடைய பிறந்தகமான சலேர்னோவை. உள்ளே இருந்து எதிர்த்தவர் அவருடைய அண்ணன் கிசுல்ஃப். அவ்வாண்டின் இறுதியில் நகரமும், அடுத்த ஆண்டில் மேட்டுக் கோட்டையும் வீழ்ந்தன. கிசுல்ஃப் நாடு இழந்தார். சலேர்னோ கோமகனின் தலைநகரமாயிற்று. தான் பிறந்த ஊருக்கு அதன் தலைவியாகவே சிக்கெல்கைத்தா திரும்பினார். ஆனால் அண்ணனின் தோல்வியால் வந்த தலைமை அது.

பெண் மக்களை ரொபர்ட் எப்படிக் கையாண்டார் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு மகள் பார்சலோனாவின் பிரபு இரண்டாம் ராமொன் பெரெங்கரை மணந்தார். இன்னொருவர் வட இத்தாலியின் எஸ்தே குடும்பத்துக்குப் போனார். அத்திருமணத்தின்போது தன் கீழுள்ள பிரபுக்கள் எல்லாரும் சீர் கொண்டுவர வேண்டும் என்று கோமகன் கேட்டார். அவர்கள் முகம் சுளித்துக் கொடுத்தார்கள். பின்னர் எழுந்த கலகத்துக்கு அந்தச் சீரும் ஒரு காரணமாயிற்று. பிள்ளையின் கலியாணத்துக்கு ஊரை வருத்துவது அன்றே இருந்திருக்கிறது!

இவர்களில் மிகவும் இரங்கத்தக்கவள் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு அனுப்பப்பட்ட மகள். 1074 இல் பேரரசர் ஏழாம் மைக்கேல் தன் கைக்குழந்தை கொன்ஸ்தாந்தினுக்கு அவளை நிச்சயம் செய்தார். அவள் அந்நகருக்குப் போனாள். அங்கே அவளுக்கு ஹெலெனா என்று கிரேக்கப் பெயர் வைத்தார்கள். 1078 இல் மைக்கேல் அரியணை இழந்தார். ஒப்பந்தமும் செத்தது. பன்னாட்டுப் பேரத்தின் ஒரு பொருளாக அனுப்பப்பட்ட சிறுமி, அந்தப் பேரம் முறிந்த பின் அந்நிய நகரில் தனித்து நின்றாள்.

ரொபர்ட் அவளை மீட்கவே போருக்குப் போவதாகச் சொன்னார். பேரரசர் மைக்கேல் நானே என்று வேடமிட்டு வந்த ஒரு துறவியையும் அருகில் வைத்துக்கொண்டார். உண்மையில் அவர் நோக்கியது பைசாந்தியத்தின் அரியணையையே. 1081 மே மாதத்தில் சிக்கெல்கைத்தாவோடும் பொஹிமொண்டோடும் கடல் கடந்தார். ரோஜர் நாட்டைக் காக்கப் பின்தங்கினார். அந்த ஆண்டில்தான் கொன்ஸ்தாந்திநோப்பிளில் அலெக்சியஸ் கொம்னினஸ் பேரரசரானார். ஒக்டோபர் 18 இல், இன்றைய அல்பேனியாவிலுள்ள துர்ரெஸ் நகரின் முன் இரு படைகளும் மோதின. பேரரசரின் காவற்படையினர் கோடரிகளோடு முன்னேற, நோர்மானியரின் ஒரு பகுதி கடலை நோக்கி ஓடத் தொடங்கியது. அப்போது சிக்கெல்கைத்தா ஓடுபவர்களைக் கடிந்து கூவினார். அவர்கள் நிற்காததைக் கண்டு நீண்ட ஈட்டியொன்றைப் பற்றிக்கொண்டு, குதிரையில் அவர்கள் மீதே பாய்ந்தார். வெட்கிப்போனவர்கள் திரும்பினார்கள். போர் ரொபர்ட்டுக்கு வெற்றியாக முடிந்தது.

இச்செய்தியைச் சொல்பவர் யார் என்பது இன்னும் சுவையானது. அவர் எதிரியின் மகள். அலெக்சியஸின் மூத்த மகள் அன்னா கொம்னினா 1083 டிசெம்பரில் பிறந்தவர். ரொபர்ட்டைக் கண்ணால் கண்டவரல்லர். முதுமையில் ஒரு கன்னியர் மடத்தில் இருந்தபடி தந்தையின் வரலாற்றை எழுதியபோது, அக்காலத்தவர் சொல்லக் கேட்டு ரொபர்ட்டை வருணித்தார். உயர்ந்த உருவம், சிவந்த முகம், வெளிர் மயிர், அகன்ற தோள், நெருப்புப் பறக்கும் கண், பெருங்கூட்டத்தையே நடுங்கச் செய்யும் குரல் என்று பகைவரின் அழகை ஒன்றும் குறைக்காமல் எழுதியிருக்கிறார். குணத்தைப் பற்றி எழுதும்போதுதான் பழி வாங்குகிறார். அந்த அன்னாவும், தொட்டிலில் கிடந்த காலத்திலேயே, அதே கொன்ஸ்தாந்தினுக்கு நிச்சயம் செய்யப்பட்டவர். ஹெலெனாவைப் பற்றி அன்னா எழுதியவற்றில் இரக்கமில்லை. கொன்ஸ்தாந்தினுக்கு அவளைக் கண்டாலே வெறுப்பு என்று எழுதுகிறார். உலகறிந்த அறிஞராயிற்றே, தன்னைப் போலவே பேரப் பொருளான ஒரு பெண்ணுக்காக ஒரு வரியேனும் வருந்தியிருக்கலாம்.

துர்ரெஸ் 1082 பெப்ரவரியில் வீழ்ந்தது. கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குப் பாதை திறந்திருந்தது. ஆனால் இத்தாலியில் கலகம். ஜேர்மன் மன்னர் நான்காம் ஹென்றி ரோமின் மதில்களுக்கு வந்துவிட்டார். பாப்பரசர் கிரகரி தன் கோமகனைக் கூவி அழைத்தார். இதே கிரகரி முன்பு ரொபர்ட்டைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்தவர். 1080 இல்தான் சமாதானமாகியிருந்தார். ரொபர்ட் படையைப் பொஹிமொண்டிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். 1084 மே மாத இறுதியில் அவர் ரோமை அணுகியபோது ஹென்றி முன்னரே வெளியேறிவிட்டார். பாப்பரசரை மீட்டார்கள். பின்னர் நகர மக்கள் எதிர்த்தெழ, படை நகரைக் கொள்ளையிட்டுத் தீயும் வைத்தது. அப்படையில் சிசிலி முஸ்லிம் வீரர் பலர் இருந்தனர். தம் தீவை இழந்தவர்கள், அதைப் பிடித்தவரின் கூலிக்குப் போய், பாப்பரசருக்காக ரோமில் போரிட்டார்கள். மீட்கப்பட்ட கிரகரி சொந்த நகரில் முகம் காட்ட முடியாமல் சலேர்னோவுக்கு வந்து, 1085 மே 25 இல் அங்கேயே இறந்தார்.

கோமகனுக்கு வயது எழுபதை எட்டியிருந்தது. ஆயினும் 1084 இலையுதிர் காலத்தில் மறுபடியும் கிரேக்கத்தை நோக்கிக் கடலேறினார். அவர் இல்லாத காலத்தில் பொஹிமொண்ட் வென்றவையெல்லாம் கைவிட்டுப் போயிருந்தன. கோர்ஃபு அருகே வெனிஸ் கப்பல்களோடு நடந்த கடற்போரில் வென்றார். ஆனால் குளிர்காலத்தில் படைக்குள் நோய் புகுந்தது. 1085 ஜூலை 17 இல் கெஃபலோனியாத் தீவருகே காய்ச்சலில் ரொபர்ட் இறந்தார். சிக்கெல்கைத்தாவும் மகன் ரோஜரும் அருகில் இருந்தனர். அத்தீவின் வடமுனையிலுள்ள துறைமுகம் இன்றும் பிஸ்கார்தோ என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஹெலெனா மீட்கப்படவில்லை.

தூரத்து நோர்மண்டியில் இருந்து எழுதிய ஒரு துறவி, தன் மகனுக்குப் பட்டம் கிடைக்க வேண்டிச் சிக்கெல்கைத்தா கணவருக்கு நஞ்சூட்டினார் என்று எழுதிவிட்டார். மருத்துவக் கல்விக்குப் பெயர்பெற்ற சலேர்னோவில் பிறந்தவர் என்பதால் நஞ்சு வித்தை அறிந்திருப்பார் என்பது அவர் ஊகம். அருகிலிருந்து எழுதியவர்கள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. படை முழுவதும் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்த இடத்தில் எழுபது வயதுக் கிழவர் இறப்பதற்கு நஞ்சு எதற்கு? அறிவுள்ள பெண் என்றால் சூழ்ச்சிக்காரி என்று சேர்த்து எழுதிய பேனாக்கள் பல. இதுவும் அவற்றிலொன்று. சிக்கெல்கைத்தா 1090 இல் இறந்து மொந்தே கசினோ மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மகன் ரோஜர் கோமகனானார். பணத்தை எண்ணி எண்ணிப் பார்க்கும் பழக்கத்தால் போர்சா, அதாவது பணப்பை, என்று பெயர் எடுத்தவர். தந்தையின் உரமில்லை. பொஹிமொண்ட் உடனே வாளெடுத்தார். தரந்தோ முதலிய நகரங்களைக் கொடுத்து அவரை அமர்த்த வேண்டியதாயிற்று. அதுவும் அவருக்குப் போதவில்லை. 1096 இல் முதலாம் சிலுவைப் போர் தொடங்கியபோது தன் தங்கை எம்மாவின் மகன் தங்கிரெட்டையும் அழைத்துக்கொண்டு கிழக்கே போனார். 1098 இல் அந்தாக்கியா நகரைப் பிடித்துத் தனக்கென்று ஓர் ஆட்சியை அமைத்தார். அந்நகரின் முஸ்லிம்கள் அன்று அனுபவித்த கொடுமை பலெர்மோவின் உடன்பாட்டைப் போன்றதன்று. தந்தையின் நாட்டில் பங்கு மறுக்கப்பட்ட ஒருவர், எவரோ ஒருவருடைய நாட்டில் தன் பங்கைத் தேடிக்கொண்டார்.

ரோஜர் போர்சாவும் பொஹிமொண்டும் 1111 இல் சில வார இடைவெளியில் இறந்தார்கள். போர்சாவின் மகன் வில்லியம் 1127 இல் பிள்ளையின்றி இறந்தார். எந்த வாரிசுக்காக அல்பெராதா விலக்கப்பட்டாரோ அந்தக் கிளை அத்தோடு பட்டுப்போனது. கோமகப் பட்டம் பிரெசெந்தாவின் கடைசிப் பிள்ளையின் மகனுக்குப் போயிற்று. அவரே 1130 இல் சிசிலியின் முதல் மன்னராக முடிசூடிய இரண்டாம் ரோஜர். அவருடைய பலெர்மோ அரண்மனையில் இருந்துதான் அல் இத்ரீஸி தம் புகழ்பெற்ற புவியியல் நூலையும் உலகப் படத்தையும் 1154 இல் நிறைவுசெய்தார். ஆனால் அந்த மன்னரின் பேரன் இரண்டாம் பிரெடரிக் காலத்தில் சிசிலி முஸ்லிம்கள் இத்தாலியின் லுச்சேரா நகருக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டார்கள். 1300 இல் அந்தக் குடியிருப்பும் அழிக்கப்பட்டது. 1072 இல் பலெர்மோவின் பெரியவர்கள் பெற்றுச் சென்ற சொல்லின் ஆயுள் அவ்வளவுதான்.

ரொபர்ட்டின் உடலைத் தாயகம் கொண்டுவந்தபோது புயலில் கப்பல் சிக்கி, உடல் கடலில் விழுந்து பின் மீட்கப்பட்டது. இதயத்தை ஒத்ராந்தோவில் அடக்கி, உடலை வெனோசா மடாலயத்துக்குக் கொண்டுசென்று அண்ணன்மாரின் அருகில் வைத்தார்கள். அந்தப் பழைய கல்லறைகள் இன்று தனித்தனியே இல்லை. சகோதரர்களின் எலும்புகள் பிற்காலத்தில் ஒரே பேழையில் சேர்க்கப்பட்டன. அதே ஆலயத்தில் ஒருவருடைய கல்லறை மட்டும் தனியாக, எழுத்து அழியாமல் நிற்கிறது. கணவருக்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்த அல்பெராதாவினது அது. அவர் கிஸ்கார்டின் மனைவி என்றும், மகனைத் தேடுபவர்கள் கனோசாவுக்குச் செல்க என்றும் அக்கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கனோசாவில் உறங்குபவர் பொஹிமொண்ட்.